பொய்கையார் எத்தனை பேர்?

சின்ன காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் வரதராசப் பெருமாளைச் சேவித்து, அத்திவரதர் இருக்கும் குளத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பக்கத்திலேயே இருக்கும் திருவெஃகாவில் அவ்வளவு கூட்டம் இருப்பதில்லை. தமிழ் இலக்கிய வரலாற்றின் தீராத வழக்குகளில் ஒன்று அந்தக் கோயிலில்தான் தொடங்குகிறது. அங்கே பள்ளிகொண்டிருப்பவர் சொன்னவண்ணம் செய்த பெருமாள். பெரும்பாணாற்றுப்படை பாடப்பட்ட காலத்திலேயே வெஃகாவில் திருமால் பாம்பணையில் பள்ளிகொண்டிருந்தார். முதலாழ்வார் மூவரில் முதல்வரான பொய்கையாழ்வார் இக்கோயில் பொய்கையில் தாமரை மலரில் தோன்றினார் என்பது வைணவ மரபு. அவர் பாடிய முதல் திருவந்தாதி நூறு வெண்பாக்கள் கொண்டது.

சங்கத் தொகையிலும் ஒரு பொய்கையார் உண்டு. புறநானூற்றின் 48, 49ஆம் பாட்டுகள் சேரமான் கோக்கோதை மார்பனைப் பற்றி அவர் பாடியவை. நற்றிணையிலும் அவர் பெயரில் ஒரு பாட்டு இருக்கிறது. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான களவழி நாற்பதைப் பாடியவரும் பொய்கையார்தான். போதாக்குறைக்கு, யாப்பருங்கல விருத்தி எடுத்துக்காட்டும் பழம்பாடல்கள் சிலவும் பொய்கையார் பெயரில் இருக்கின்றன. இத்தனை இடங்களிலும் பேசுகிறவர் ஒருவரா, இருவரா, நால்வரா?

மு. இராகவையங்கார் 1926இல் வெளியிட்ட 'ஆழ்வார்கள் காலநிலை' நூலில் களவழி பாடிய பொய்கையாரும் ஆழ்வாரும் ஒருவரே என்ற கட்சியை எடுத்தார். பெயர் ஒன்று, யாப்பு ஒன்று, இருவரையும் பழைய உரைகாரர்கள் பெரியோராகப் போற்றுகிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கட்சிக்குத் துணை நிற்பவை. எதிர்க்கட்சியும் வலுவானது. களவழி, சோழன் செங்கணானின் போர்க்களத்தைப் பாட்டுக்குப் பாட்டு இரத்தமும் யானைப் பிணமுமாக வருணிக்கும் நூல். அந்தாதியிலோ திருமாலையன்றி வேறொருவரை வாழ்த்துவதில்லை என்ற உறுதி ஒலிக்கிறது. காலமும் இடிக்கிறது. முதலாழ்வார்களில் இரண்டாமவரான பூதத்தாழ்வார் மாமல்லையைக் குறிப்பிடுவதைக் கொண்டு, மூவரையும் பல்லவ மன்னன் மாமல்லன் காலத்துக்கு முன்னே கொண்டுபோக இயலாது என்று வாதிட்டவர்கள் உண்டு. அப்படியானால் ஆழ்வார் ஏழாம் நூற்றாண்டை ஒட்டியவர். கோக்கோதை மார்பனைப் பாடியவரோ அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவர்.

களவழியின் கதையே இரண்டு விதமாக வழங்குவதையும் இங்கே கவனிக்க வேண்டும். தோற்ற சேரமான் கணைக்கால் இரும்பொறை குடவாயில் கோட்டத்துச் சிறையில் கிடந்து, கேட்ட தண்ணீர் காலத்தில் கிடைக்காமல், பிறகு கிடைத்ததையும் குடிக்காமல் உயிர்விட்டான் என்கிறது புறநானூறு 74ஆம் பாட்டின் அடிக்குறிப்பு. பொய்கையாரின் பாட்டைக் கேட்டுச் சோழன் அவனை விடுவித்தான் என்கின்றன கலிங்கத்துப்பரணியும் விக்கிரமசோழன் உலாவும். போர் நடந்த இடம்கூட அந்த அடிக்குறிப்பில் திருப்போர்ப்புறம், களவழியில் கழுமலம். ஒரு புலவரை அடையாளம் காண அவர் பாடிய அரசனைப் பிடிக்கலாம் என்று போனால், அந்த அரசன் சிறையில் செத்தானா விடுதலையானானா என்பதிலேயே சான்றுகள் பிளவுபட்டு நிற்கின்றன.

நூறாண்டுக்கு முன்பு இது புலவர்கள் ஏடுகளில் எழுதித் தீர்த்துக்கொண்ட விவகாரம். யாருக்கு எது சரியென்று பட்டதோ அதை எழுதினார்கள். படிப்பவர் இரு பக்கத்தையும் படித்து முடிவு செய்தார். இன்று நிலைமை வேறு. விக்கித்தரவு 2012இல் தொடங்கப்பட்டது. அதில் மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. உலக நூலகங்களின் ஆசிரியர் பட்டியல்களை ஒன்றோடொன்று பொருத்தும் முயற்சி 2003இல் தொடங்கி நடந்துவருகிறது. எண் ஒன்று என்றால் ஆள் ஒருவர். எண் இரண்டு என்றால் ஆள் இருவர். 'இருக்கலாம்' என்று இழுக்கும் தமிழறிஞரின் குரலுக்கு அந்த அட்டவணையில் எளிதில் இடம் கிடைப்பதில்லை. யாரோ ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் இரண்டு பதிவுகளை ஒன்றாக இணைத்துவிட்டால், அங்கிருந்து தகவல் எடுக்கும் தேடுபொறிகளும் செயலிகளும் மொழி மாதிரிகளும் அந்த இணைப்பையே உண்மையென்று பரப்பிவிடும்.

தமிழுக்கு மட்டும் வந்த சோதனை அல்ல இது. கிரேக்க வரலாற்றாசிரியர்களில் ஹெக்கடேயஸ் என்று இருவர். மிலேட்டஸ் நகரத்தவர் ஹெரோடோட்டஸுக்கு முந்தியவர், கி.மு. 500ஐ ஒட்டி வாழ்ந்தவர். உலகைச் சுற்றி வருவதுபோல நாடுகளை வருணித்தவர். அப்டேரா நகரத்தவர் அலெக்சாந்தருக்குப் பின் வந்தவர், எகிப்தைப் பற்றி எழுதியவர். மிலேட்டஸ்காரரும் எகிப்தைத் தொட்டிருக்கிறார். இருவர் நூல்களும் முழுதாகக் கிடைக்கவில்லை. பிறர் எடுத்தாண்ட துண்டுகளே எஞ்சின. ஒரு துண்டில் 'ஹெக்கடேயஸ் சொன்னார்' என்று மட்டும் இருந்தால் எந்த ஹெக்கடேயஸ்?

கிரேக்கர்கள் இந்தத் தொல்லையை வெகுகாலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியாவின் டெமெட்ரியஸ், ஒரே பெயர் கொண்ட புலவர்களையும் எழுத்தாளர்களையும் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அது அழிந்துவிட்டது. ஆனால் டயோஜெனிஸ் லேர்ஷியஸ் தத்துவ ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியபோது அதைப் பயன்படுத்திக்கொண்டார்; பல வரலாறுகளின் கடைசியில் 'இதே பெயரில் இன்னின்னாரும் உண்டு' என்று ஒரு பட்டியல் கொடுத்தார். எச்சரிக்கை இல்லாத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டு பைசாந்தியக் களஞ்சியமான சூடா, மிலேட்டஸின் டயோனிசியஸையும் அவருக்குப் பிற்பட்ட ஸ்கைட்டோபிராக்கியோன் என்ற பட்டப்பெயர் கொண்ட டயோனிசியஸையும் குழப்பி, ஒருவர் நூலை மற்றவர் பெயரில் ஏற்றிவிட்டது. அந்தச் சிக்கை அவிழ்க்க ஐரோப்பிய அறிஞர்களுக்கு நெடுங்காலம் பிடித்தது.

ஃபெலிக்ஸ் யாக்கோபி என்ற ஜெர்மானிய அறிஞர் 1923 முதல் இந்தத் துண்டுகளையெல்லாம் தொகுத்து வெளியிட்டபோது ஒரு வழி கண்டார். பெயரை நம்பாமல் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஓர் எண் கொடுத்தார். மிலேட்டஸ் ஹெக்கடேயஸ் 1, அப்டேரா ஹெக்கடேயஸ் 264. ஐயத்துக்குரிய துண்டுகளை ஐயத்துக்குரியவை என்று குறித்தே அச்சிட்டார். இன்றைய கணினி அட்டவணைகளின் எண்முறைக்கு முன்னோடி என்று அதைத் தயங்காமல் சொல்லலாம்.

நம்மவர்கள் இதற்கும் முன்னே ஒரு வழி வைத்திருந்தார்கள். சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள், புலவர் பெயருக்கு முன்னால் ஊரையும் தொழிலையும் குடியையும் தந்தையையும் ஒட்டவைத்தார்கள். அறுவை வாணிகம் செய்த மதுரை இளவேட்டனாரை அந்தத் தொழிலைச் சொல்லியே பிற இளவேட்டனார்களிடமிருந்து பிரித்தார்கள். காஞ்சியின் பங்குக்கு நால்வர் இருக்கிறார்கள்: கச்சிப்பேட்டு நன்னாகையார், கச்சிப்பேட்டுக் காஞ்சிக் கொற்றனார், கச்சிப்பேட்டு இளந்தச்சனார், கச்சிப்பேட்டுப் பெருந்தச்சனார். இளந்தச்சனாரும் பெருந்தச்சனாரும் நற்றிணையில் வருகிறார்கள். ஒரே ஊர், ஒரே தொழில். இளமையும் பெருமையும்தான் பிரிக்கின்றன. அந்த இரண்டு அடைகளில் ஒன்றை விட்டுவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

நன்னாகையார் விஷயம் இன்னும் நுட்பமானது. குறுந்தொகையில் 'கச்சிப்பேட்டு நன்னாகையார்' என்ற பெயரில் ஆறு பாட்டுகள் இருக்கின்றன. வெறும் 'நன்னாகையார்' என்ற பெயரில் 118, 325 ஆகிய இரண்டு பாட்டுகள் இருக்கின்றன. இலக்கிய வரலாறுகள் பலவும் இந்த எட்டையும் ஒரே பெண்பாற் புலவர் கணக்கில் எழுதிவிடுகின்றன. ஒருவராகவே இருக்கலாம், ஏடெழுதியவர் இரண்டு இடங்களில் ஊரை விட்டிருக்கலாம். ஆனால் தொகுத்தவரோ ஏடெழுதியவரோ இரண்டு விதமாகக் குறித்திருக்கிறார் என்பது ஒரு தகவல். எட்டையும் ஒரே பெயருக்குக் கீழ் கொட்டிவிட்டால் அந்தத் தகவல் அழிந்துவிடும். பிறகு வருகிற ஒருவர் ஆறு பாட்டின் நடையையும் இரண்டு பாட்டின் நடையையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால், அப்படி ஒரு வேறுபாடு இருந்ததே அவருக்குத் தெரியாமல் போகும்.

உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, பாடினோர் வரலாறு, பாடப்பட்டோர் வரலாறு என்று தனித்தனியாக எழுதிச் சேர்த்தார். எந்தப் பெயர் எந்த எந்த இடங்களில் வருகிறது, என்ன அடையோடு வருகிறது என்று அங்கே காணலாம். இன்றைய தரவுத்தளம் கட்டுகிறவர்கள் முதலில் கற்கவேண்டியது அந்தப் பக்கங்களைத்தான். ஒரு சிறு எடுத்துக்காட்டு: அதியமானின் தூதாக ஔவையார் சென்ற அரசன், 95ஆம் பாட்டின் குறிப்பில் 'தொண்டைமான்' மட்டுமே. பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். இரண்டு தொண்டைமான்களையும் ஒன்றாக்குவது கைக்கு எளிது. ஆனால் தொண்டைமான் என்பது ஆண்ட குடியின் பெயர். அந்தக் குடியில் அரசர்கள் பலர்.

ஊரும் தந்தையும் பெயரோடு வரும் இந்த வழக்கம் சங்க காலத்தோடு நின்றுவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவர், முதலாம் இராசராசனின் சேனாபதி. கல்வெட்டில் அவர் அமண்குடியான கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்துக் கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமராயன். இதில் ஊரின் பழைய பெயர், புதுப்பெயர், தந்தை பெயர், தன் பெயர், அரசன் கொடுத்த பட்டம் என்று ஐந்து அடையாளங்கள் இருக்கின்றன. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மத்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணினி கொண்டு தொகுத்து 1978இல் மதுரையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, பெயரை இப்படிக் கூறு கூறாகப் பிரித்தே அட்டவணை செய்தார்கள். விக்கித்தரவு வருவதற்கு 34 ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டில் நடந்த வேலை அது. உலக அளவில் பேசப்படவேண்டியது.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தாலும் காஞ்சியின் மிகப் புகழ்பெற்ற மகன் அதே முறையில்தான் எழுதப்பட்டார். சி.என். அண்ணாதுரையின் முதல் எழுத்து காஞ்சீவரம், இரண்டாவது எழுத்து நடராசன். 'முதற்பெயர், குடும்பப்பெயர்' என்று இரண்டே கட்டம் வைத்திருக்கும் வெளிநாட்டுப் படிவம் இந்த முறைக்குப் பொருந்தாது. அதில் தந்தை பெயர் குடும்பப்பெயராகிவிடும், ஊர் காணாமல் போய்விடும். அண்ணாதுரை என்ற பெயரில் தமிழ்நாட்டில் எழுதியவர்கள், பேசியவர்கள், தேர்தலில் நின்றவர்கள் எத்தனையோ பேர். முன்னெழுத்தை வெட்டினால் அவர்களைப் பிரிக்க வேறு என்ன இருக்கிறது?

புலவர்களைவிட அரசர்கள் சிக்கலானவர்கள். காஞ்சி கைலாசநாதர் கோயிலின் வாசலில், பெரிய கோயிலுக்கு முன்னால் குறுக்கே நிற்கும் சிறு கோயிலின் கல்வெட்டுப் பெயர் மகேந்திரவர்மேசுவரம். மகேந்திரவர்மன் என்றவுடன் குடைவரை குடைந்த, மத்தவிலாசப் பிரகசனம் எழுதிய முதலாம் மகேந்திரன்தான் நினைவுக்கு வருவான். அவன் காலம் ஏறத்தாழ கி.பி. 600 முதல் 630 வரை. இந்தக் கோயிலைக் கட்டியவன் அவனல்ல. கைலாசநாதரைக் கட்டிய இராசசிம்மனின் மகன் இந்த மகேந்திரன். முதலாம் மகேந்திரனுக்குச் சுமார் நூறு ஆண்டுகள் பிற்பட்டவன். அவன் காஞ்சி அரியணையில் தனித்து ஆண்டதாகத் தெரியவில்லை. முதலாம், இரண்டாம், மூன்றாம் என்ற எண்ணெல்லாம் இன்றைய வரலாற்றாசிரியர்கள் கொடுத்தவை. எந்தப் பல்லவனும் தன்னை 'இரண்டாம் நரசிம்மவர்மன்' என்று கல்லில் வெட்டிக்கொள்ளவில்லை.

அவர்கள் வெட்டிக்கொண்டது விருதுப் பெயர்களை. கைலாசநாதர் கோயில் திருச்சுற்றில் வரிசையாக நிற்கும் சிறு சன்னதிகளின் அடித்தளத்தைக் குனிந்து பார்த்தால், இராசசிம்மனின் விருதுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. இருநூறுக்கும் மேற்பட்டவை; பல எழுத்து வடிவங்களில் வரிசை வரிசையாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓர் எழுத்து கொடி போலச் சுருண்டு பூவாக முடிகிறது. இன்னொன்று கிரந்தத்தின் எளிய வளைவில் நிற்கிறது. கல் பல இடங்களில் பொரிந்திருக்கிறது, சில இடங்களில் பிற்காலச் சுதை மூடியிருக்கிறது. அந்த விருதுகளில் ஒன்று அத்யந்தகாமன், அளவிறந்த விருப்பம் உடையவன். சிறீபரன், இரணஜயன் என்பவையும் இந்த அரசனுக்கு இங்கே வழங்குகின்றன.

அத்யந்தகாமன் என்ற இதே விருது மாமல்லபுரத்தில் கணேச இரதத்திலும் தர்மராச மண்டபத்திலும் தர்மராச இரதத்தின் மேல்தளத்திலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. யூஜென் ஹுல்ச் இந்தக் கல்வெட்டுகளைப் படித்து 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். அதன்பின் நெடுங்காலம், மாமல்லபுரத்து அத்யந்தகாமன் இராசசிம்மனின் தந்தை பரமேசுவரவர்மன் என்றே பெரும்பாலோர் கொண்டார்கள். தந்தையும் மகனும் ஒரே விருதைச் சூடியிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. 1962இல் இரா. நாகசாமி அந்தக் கணக்கை மாற்றிப் போட்டார். காஞ்சியில் இராசசிம்மனுக்கு உறுதியாக வழங்கும் விருதுகள் கூட்டமாக மாமல்லபுரத்திலும் வருகின்றன. ஆகவே அத்யந்தகாமன் இராசசிம்மனே. மாமல்லபுரத்துக் கலைச்செல்வம் முழுவதும் அவன் ஒருவன் படைப்பு என்றார். கே.ஆர். சீனிவாசன் உள்ளிட்டோர் அதை ஏற்காமல், மூன்று நான்கு தலைமுறைகளின் வேலை என்ற பழைய முடிவில் நின்றார்கள்.

ஒரு பெயர் யாருடையது என்ற கேள்விக்கு விடை மாறினால், ஒரு நகரத்தின் முழுச் சிற்ப வரலாறும் மாறுகிறது. ஐந்து இரதங்களும் அர்ச்சுனன் தபசும் மாமல்லன் காலத்தவையா, அவனுக்கு மூன்று தலைமுறை பிற்பட்ட இராசசிம்மன் காலத்தவையா என்பது இந்த விருதில் தொங்குகிறது. அறிவுத்தளத்தில் 'அத்யந்தகாமன்' என்பதை இராசசிம்மனின் மாற்றுப்பெயர் என்று மட்டும் எழுதிவிட்டால் அறுபதாண்டுக்கும் மேலான விவாதத்தின் ஒரு பக்கம் மறைந்துவிடும். பரமேசுவரவர்மனுக்கு எழுதினால் மற்றப் பக்கம் மறையும். எழுத வேண்டியது இதுதான்: இந்த விருது இந்தக் கல்லில் இருக்கிறது, இன்னார் இன்ன ஆண்டில் இதை இன்னவனுக்கு உரியதாகக் கொண்டார், இன்னார் மறுத்தார்.

தவறாகப் பிரிப்பதாலும் கேடு வரும் என்பதற்கும் பல்லவர்களே சாட்சி. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பலவற்றில் அரசன் பெயர் நந்திவிக்கிரமவர்மன், தந்திவிக்கிரமவர்மன், நிருபதுங்கவிக்கிரமவர்மன் என்று வந்தது. செப்பேடுகளில் அறியப்பட்ட நந்திவர்மன், தந்திவர்மனோடு இவர்களைப் பொருத்தத் தயங்கிய ஹுல்ச் முதலிய கல்வெட்டறிஞர்கள், இவர்கள் கங்கபல்லவர் என்ற தனி மரபினர் என்று கருதினார்கள். சில காலம் வரலாற்று நூல்களில் கங்கபல்லவர் என்று ஒரு குலமே நடமாடியது. வேலூர்ப்பாளையம் செப்பேடுகள் போன்றவை வம்சாவளியைத் தெளிவாக்கிய பின், பிற்காலப் பல்லவர்களே அப்பெயரிலும் வழங்கினார்கள் என்பது நிலைபெற்றது. நந்திவர்மன் ஒருவன், 'விக்கிரம' என்ற ஒரு சொல் அவனை இரண்டாக்கியிருந்தது.

இவ்வகையில் வைகுண்டப் பெருமாள் கோயில் ஒரு கொடை. இரண்டாம் நந்திவர்மனான பல்லவமல்லன் எடுப்பித்த அக்கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. பிரமனில் தொடங்கி அரசன் அரசனாக முடிசூட்டும் போரும் யாகமும் நடந்து, நந்திவர்மன் இளம்பிள்ளையாகக் காஞ்சிக்கு அழைத்துவரப்படும் காட்சியும் வருகிறது. சில காட்சிகளுக்குக் கீழே விளக்கக் கல்வெட்டும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணியான சி. மீனாட்சி இந்தச் சிற்பங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்து எழுதிய நூல், அவர் மறைந்த மறு ஆண்டான 1941இல் வெளிவந்தது. எந்தச் சிற்பத்தில் இருப்பவன் எந்தச் சிம்மவர்மன், எந்த நரசிம்மன் என்று முடிவு செய்வதற்கு அவர் கல்வெட்டையும் செப்பேட்டையும் சிற்பத்தின் இடத்தையும் ஒருசேர வைத்துப் பார்த்தார். அந்த உழைப்பின் பயனைத்தான் இன்று ஒரு பொத்தானை அமுக்கிப் பெறுகிறோம். பொத்தானுக்குப் பின்னால் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

பௌத்தத்திலும் காஞ்சி ஒரு புதிரை விட்டுச்சென்றிருக்கிறது. நாலந்தாவின் தலைவராக இருந்த யோகாசார அறிஞர் தர்மபாலர் காஞ்சிக்காரர் என்று ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதினார். பாலி மொழியில் உரைகள் எழுதிய தேரவாத அறிஞர் தம்மபாலரும் தமிழ்நாட்டவர். பதரதித்த விகாரையோடு தொடர்புடையவர். பெயரும் நாடும் ஒத்துப்போனதால் இருவரும் ஒருவரோ என்று முற்கால ஆய்வாளர் சிலர் எண்ணினார்கள். ஒருவர் எழுதியது மகாயானத்தின் நுண்ணிய தருக்கம், மற்றவர் எழுதியது தேரவாத நூல்களின் உரை. பெயர்ப் பொருத்தத்தைவிடச் சமயப்பள்ளி வலுவான சான்று. இன்று இருவரையும் வேறாகவே கொள்கிறார்கள். ஆனால் பாலித் தம்மபாலரிலேயே உரை எழுதியவர் ஒருவரா, உரைக்கு உரை எழுதியவர் வேறா என்ற கேள்வி இன்னும் இருக்கிறது.

கச்சியப்பர்கள் இருவரும் எளிய வழக்கு. காஞ்சிக் குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்து கந்தபுராணம் பாடியவர் கச்சியப்ப சிவாசாரியர். தணிகைப் புராணம், விநாயக புராணம், பேரூர்ப் புராணம் பாடியவர் பதினெட்டாம் நூற்றாண்டுக் கச்சியப்ப முனிவர். திருவாவடுதுறை ஆதீனத்தவர், மாதவச் சிவஞான முனிவரின் மாணவர். காஞ்சிப் புராணத்தின் முதற்காண்டம் ஆசிரியர் பாடியது, இரண்டாங்காண்டம் மாணவர் பாடியது. பெயர் ஒன்று, ஊர்த்தொடர்பு ஒன்று, இலக்கிய வகை ஒன்று, போற்றிய தெய்வக் குடும்பமும் ஒன்று. 'கச்சியப்பர், புராணம், காஞ்சி' என்ற மூன்று சொல்லை வைத்துப் பொருத்தும் கணினி நிரலுக்கு இருவரும் ஒருவரே. சிவாசாரியர், முனிவர் என்ற பின்னொட்டை மரியாதைச் சொல் என்று கழித்துவிடும் நிரல் நிச்சயமாகத் தவறு செய்யும். நல்ல வேளையாக இருவருக்கும் நூலும் ஆசிரியரும் மடமும் கோயிலும் தெளிவாக இருப்பதால், தவறு நேர்ந்தாலும் பிரித்துவிடலாம்.

பிரிக்கவே முடியாமல் போகும் தவறுகள்தான் அஞ்சத்தக்கவை. இரண்டு பொய்கையார்களைத் தனித்தனியே பதிந்து, பின்னால் ஒருவர்தான் என்று மெய்ப்பிக்கப்பட்டால் இணைப்பது ஒரு நிமிட வேலை. நால்வரையும் ஒருவராகப் பதிந்துவிட்டால், எந்தப் பாட்டு எந்தச் சான்றிலிருந்து வந்தது என்ற தடமே கலைந்துபோகும். பிரிப்பதற்கு மறுபடியும் ஏட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் ஐயமிருக்கும் இடத்தில் பிரித்து வைப்பதே முறை. கங்கபல்லவர் போன்ற பிழை நேராமலிருக்க, பிரித்தவர்களை ஒருவரோடொருவர் தொடர்புபடுத்தியும் வைக்க வேண்டும். விக்கித்தரவில் இதற்கு வசதி இல்லாமல் இல்லை. 'இன்னாரிலிருந்து வேறானவர்' என்று ஒரு பண்பும், 'இன்னாராகவே கருதப்படுபவர்' என்று ஒரு பண்பும் தனித்தனியாக அங்கே இருக்கின்றன. இரண்டாவதில் 'மு. இராகவையங்கார், 1926' என்று சான்றும் சேர்க்கலாம். தமிழ்ப் பதிவுகளில் இந்த இரண்டையும் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

காஞ்சிபுரத்தில் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழ்த் துறைகள் இருக்கின்றன, கையில் செல்பேசியோடு விக்கியில் எழுதக்கூடிய மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய நால்வரிலிருந்து தொடங்கட்டும். கச்சிப்பேட்டு நன்னாகையாரையும் அடையில்லாத நன்னாகையாரையும் இரண்டு பதிவாக வைத்து, பாட்டு எண்களைப் பிரித்து எழுதட்டும். இளந்தச்சனாரையும் பெருந்தச்சனாரையும் அடையோடு முழுப்பெயரில் பதியட்டும். அதன்பின் திருவெஃகாவுக்குப் போய்ப் பொய்கையார் பதிவுகளைத் திறந்து பார்க்கட்டும். யாராவது அவற்றை ஏற்கெனவே இணைத்திருந்தால், இணைப்பை நீக்கி, நீக்கியதற்கான காரணத்தையும் சான்றையும் தமிழிலேயே எழுதிவைக்க வேண்டும்.